ஒரு கேபிள், இரண்டு யூனிக்ஸ் கணினிகள்: பிங் போய் நின்றுவிடுவது ஏன்?

கேள்வி இது: "மேசைக் கணினியில் டெபியன் லினக்ஸ், மடிக்கணினியில் ஃப்ரீபிஎஸ்டி. மடிக்கணினியில் உள்ள 300 ஜிபி குடும்பப் புகைப்படங்களை மேசைக் கணினிக்குக் கொண்டுபோக வேண்டும். பிறகு வாரம் ஒருமுறை புதியவற்றைச் சேர்க்க வேண்டும். இரண்டும் வீட்டு வைஃபையில்தான் இருக்கின்றன, ஆனால் அது மெதுவாக இருப்பதால் லேன் கேபிளால் நேராக இணைத்தேன். மேசைக் கணினிக்கு ஐபி கட்டளையில் 192.168.1.10 கொடுத்தேன். மடிக்கணினிக்கு ஆர்சி.கான்ஃப் கோப்பில் 192.168.1.11, கேட்வே 192.168.1.1 என்று எழுதினேன். பிங் அரை நிமிடம்போல நன்றாகப் போய் நின்றுவிட்டது. மடிக்கணினியில் இன்டர்நெட்டும் போய்விட்டது. கேபிள் கெட்டதா? கிராஸ் கேபிள் வேண்டுமா? ஸ்விட்ச் வாங்க வேண்டுமா?"

ஸ்விட்ச் வேண்டாம். கிராஸ் கேபிளும் வேண்டாம். பிங் என்பது மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை. அரை நிமிடம் அது போனதே, அதுவே கேபிளும் இரு பக்க நெட்வொர்க் கார்டுகளும் வேலை செய்கின்றன என்பதற்குச் சாட்சி. உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். ஒரே நேரத்தில் வந்ததால் ஒன்றுபோலத் தெரிகின்றன. இரண்டும் முகவரி கொடுத்த விதத்தில்தான் இருக்கின்றன.

கட்டளைகளை இங்கே ஒலிப்படியே தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் அவற்றின் வழக்கமான எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் பிங் நின்ற கதை. டெபியன் டெஸ்க்டாப்பில் நெட்வொர்க் கார்டுகளைப் பார்த்துக்கொள்வது நெட்வொர்க்மேனேஜர் என்ற நிரல். கேபிள் செருகப்பட்டதும் அது "யாராவது எனக்கு முகவரி கொடுங்கள்" என்று டிஹெச்சிபி வழியாகக் கேட்கத் தொடங்கும். மறுமுனையில் இருப்பது ரூட்டர் அல்ல, இன்னொரு கணினி. அங்கே பதில் சொல்ல ஆள் இல்லை. வழக்கமாக 45 விநாடி காத்துப் பார்த்துவிட்டு, இணைப்பு தோற்றது என்று முடிவுசெய்து, அந்தக் கார்டில் இருக்கும் முகவரிகளைத் துடைத்துவிடும். நீங்கள் கையால் கொடுத்த முகவரியும் அதோடு போய்விடும். ஐபி கட்டளை எழுதுவது கர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நினைவில் மட்டும்தான், எந்தக் கோப்பிலும் அல்ல. அதனால் நெட்வொர்க்மேனேஜருக்கு அது நீங்கள் வேண்டுமென்று வைத்தது என்றே தெரியாது. சிலர் இந்த இடத்தில் கேபிளை மாற்றி மாற்றிச் செருகி, முகவரியை மறுபடி கொடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் சிறிது நேரம் வேலை செய்து நிற்கும். கேபிள்மீது சந்தேகம் இன்னும் வலுக்கும்.

இரண்டாவது, இன்டர்நெட் போனது. உங்கள் ரூட்டர் வைஃபையில் கொடுப்பதும் 192.168.1 என்று தொடங்கும் முகவரிதான். கேபிளுக்கும் அதே வரிசையைக் கொடுத்துவிட்டீர்கள். ஒரே ஊரில் இரண்டு காந்தி தெரு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? முதலில் தெரிந்த தெருவுக்குப் போவார். மடிக்கணினியும் அப்படியே 192.168.1.1 என்ற ரூட்டரைக் கேபிளின் பக்கம் தேடுகிறது. அங்கே ரூட்டர் இல்லை. போதாததற்கு, வெளியுலகத்துக்கெல்லாம் வழி அதுதான் என்று கேட்வே வரியும் சொல்கிறது. பிறகு எந்தத் தளமும் எப்படித் திறக்கும்?

இந்த இரண்டாவது தவறில் நானே ஒருமுறை ஒரு மாலை முழுவதையும் இழந்திருக்கிறேன். வைஃபை டிரைவர் கெட்டுவிட்டது என்று நினைத்து அதை மீண்டும் நிறுவிக்கொண்டிருந்தேன். கேபிளைப் பிடுங்கியதும் இன்டர்நெட் திரும்பி வந்தபோதுதான் புரிந்தது. அன்றிலிருந்து இரண்டு விதிகளை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்: நேர்க் கேபிளுக்கு, வீட்டு வைஃபைக்குச் சம்பந்தமே இல்லாத முகவரி வரிசை. நேர்க் கேபிளுக்குக் கேட்வே கிடையவே கிடையாது. கேட்வே என்பது இந்த நெட்வொர்க்கை விட்டு வெளியே போகும் வாசல். இரண்டே கணினிகள் உள்ள கேபிளில் வெளியே என்று ஒன்று இல்லை.

எந்த வரிசையை எடுப்பது? தனிப்பட்ட நெட்வொர்க்குகளுக்கென்று 1996ல் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற இணைய ஆவணம் மூன்று தொகுதிகளை ஒதுக்கியது: 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்குபவை. வீட்டு ரூட்டர்கள் பெரும்பாலும் மூன்றாவதைத்தான் பயன்படுத்துகின்றன. ஆகவே நீங்கள் முதல் தொகுதிக்குப் போய், யாரும் எளிதில் தொடாத ஒரு மூலையை எடுங்கள். நான் 10.77.0 என்று வைக்கிறேன். மேசைக் கணினி 10.77.0.1, மடிக்கணினி 10.77.0.2. நெட்மாஸ்க், அதாவது முகவரியில் எவ்வளவு பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்லும் எண், இரண்டிலும் 255.255.255.0. இரண்டு கணினிக்கு 254 முகவரி இடம் அதிகம்தான், ஆனால் நாளைக்கு ஒரு ஸ்விட்ச் வைத்து மூன்றாவது கணினியைச் சேர்த்தால் எதையும் மாற்ற வேண்டியிருக்காது.

இனி செய்ய வேண்டியது. கீழிருந்து மேலே போங்கள். ஒரு படி உறுதியாகும்வரை அடுத்ததைத் தொடாதீர்கள். நெட்வொர்க் வேலையில் நேரத்தை விழுங்குவது, மூன்று இடத்தில் ஒரே சமயம் கைவைத்துவிட்டு எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் நிற்பதுதான்.

கேபிளிலிருந்து தொடங்குவோம். கிராஸ் கேபிள் பற்றி நீங்கள் கேட்டதற்குக் காரணம் உண்டு, பழைய வழிகாட்டிகள் எல்லாம் அதைத்தான் சொல்லும். 10, 100 மெகாபிட் ஈதர்நெட்டில் கணினி 1, 2 என்ற ஊசிகளில் அனுப்பும். 3, 6ல் கேட்கும். இரண்டு கணினிகளை நேர்க் கேபிளால் இணைத்தால் இருவரும் ஒரே கம்பியில் பேசி, ஒரே கம்பியில் காதைக் கொடுத்திருப்பார்கள். அதனால் ஒரு முனையில் கம்பிகளை மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது. 1999ல் செம்புக் கம்பிக்கான கிகாபிட் தரம் வந்தது. அதில் நான்கு ஜோடிக் கம்பிகளும் இரு திசையிலும் ஒரே நேரத்தில் பேசுகின்றன. நேரா குறுக்கா என்று கார்டே பார்த்துச் சரிசெய்துகொள்ளும் வசதியும் கிகாபிட் கார்டுகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கிறது. இரண்டில் ஒன்றாவது கிகாபிட் கார்டாக இருந்தால் சாதாரண கேபிள் போதும்.

கவனிக்க வேண்டியது வேகம். டெபியனில் ஈத்டூல் என்ற கட்டளைக்கு இடைமுகத்தின் பெயரைக் கொடுத்தால் எந்த வேகத்தில் பேசுகிறது என்று சொல்லும். ஃப்ரீபிஎஸ்டியில் ஐஎஃப்கான்ஃபிக் கட்டளையின் மீடியா வரியில் பாருங்கள். அதன் கீழே ஸ்டேட்டஸ் வரி ஆக்டிவ் என்று இருக்க வேண்டும். நோ கேரியர் என்று இருந்தால் மின்சார அளவிலேயே தொடர்பு இல்லை, அதற்கு மேல் எதைச் செய்தும் பயனில்லை. 1000 என்று வர வேண்டிய இடத்தில் 100 என்று வந்தால், கார்டு பழையதாக இருக்கலாம், அல்லது கேபிளில் எட்டுக் கம்பிகளில் ஒன்று சரியாகத் தொடவில்லை. என்னிடம் ஒரு கேபிள் அப்படித்தான் வெகுநாள் 100லேயே ஓடிக்கொண்டிருந்தது. முனையை வெட்டிப் புது கனெக்டர் போட்டதும் 1000க்கு ஏறியது. இந்த வித்தியாசம் சின்னதல்ல. கிகாபிட்டில் விநாடிக்கு 110 எம்பி அளவுக்குக் கோப்பு நகரும். 300 ஜிபி முக்கால் மணி நேரம். 100 மெகாபிட்டில் விநாடிக்கு 11, 12 எம்பிதான்; அதே படங்களுக்கு ஏழு மணி நேரம் ஆகும். வன்தட்டு பழையதாக இருந்தாலோ சின்னச் சின்னக் கோப்புகள் நிறைய இருந்தாலோ இன்னும் கூடும்.

வைஃபை ஏன் மெதுவாக இருந்தது என்பதற்கும் இங்கே விடை இருக்கிறது. இரண்டு கணினியும் ஒரே வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு துண்டும் மடிக்கணினியிலிருந்து ரூட்டருக்கு ஒருமுறை, ரூட்டரிலிருந்து மேசைக் கணினிக்கு இன்னொருமுறை என்று அதே காற்றில் இரண்டு தடவை போகிறது. ரூட்டர் பக்கத்திலேயே இருந்து, அதில் இரண்டு லேன் துளைகள் காலியாக இருந்தால் இரண்டு கணினியையும் அதில் செருகிவிடலாம். முகவரித் தொல்லையே இல்லை. ஆனால் விலை குறைந்த ரூட்டர்கள் பலவற்றில் அந்தத் துளைகள் 100 மெகாபிட்தான். அப்படியென்றால் உங்கள் நேர்க் கேபிளே மேல்.

அடுத்து முகவரி. இடைமுகத்தின் பெயர் இரண்டிலும் வேறு மாதிரி இருக்கும். ஃப்ரீபிஎஸ்டி டிரைவரின் பெயரை வைக்கிறது: இன்டெல் கார்டுகள் பலவற்றுக்கு இஎம்0, ரியல்டெக்குக்கு ஆர்ஈ0. லினக்ஸ் இப்போது கார்டு செருகப்பட்ட இடத்தை வைத்து இஎன்பி3எஸ்0 என்பதுபோலப் பெயரிடுகிறது. அதாவது 3 என்ற எண்ணுள்ள பிசிஐ பஸ்ஸில் 0 என்ற இடம்.

டெபியனில் நெட்வொர்க்மேனேஜரோடு சண்டை போடாதீர்கள், அதனிடமே சொல்லிவிடுங்கள். வயர்டு இணைப்பின் அமைப்பில் ஐபிவி4 பக்கத்தைத் திறந்து, முறையை ஆட்டோமேட்டிக்கிலிருந்து மேனுவலுக்கு மாற்றி, 10.77.0.1, 255.255.255.0 என்று கொடுங்கள். கேட்வே கட்டத்தைக் காலியாக விடுங்கள். டிஎன்எஸ் (பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) கட்டமும் காலி. இந்த இணைப்பை அதன் நெட்வொர்க்குக்கு மட்டும் பயன்படுத்து என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும், அதையும் டிக் செய்யுங்கள். இனி அது டிஹெச்சிபி கேட்காது, முகவரியையும் துடைக்காது. டெஸ்க்டாப் இல்லாத டெபியன் என்றால் ஈடிசி அடைவில் நெட்வொர்க் என்பதன் உள்ளே இன்டர்ஃபேசஸ் என்ற கோப்பில் எழுதலாம். அங்கே எழுதிய கார்டை டெபியனின் நெட்வொர்க்மேனேஜர் தொடாது.

ஃப்ரீபிஎஸ்டியில் ஆர்சி.கான்ஃப் கோப்பைத் திறந்து, இஎம்0 இடைமுகத்துக்கான ஐஎஃப்கான்ஃபிக் வரியை ஐனெட் 10.77.0.2 நெட்மாஸ்க் 255.255.255.0 என்று மாற்றுங்கள். கேட்வேக்காக டிஃபால்ட்ரூட்டர் என்று நீங்கள் சேர்த்த வரியை எடுத்துவிடுங்கள். வைஃபை தனக்கு வேண்டிய கேட்வேயை ரூட்டரிடமிருந்து டிஹெச்சிபி வழியாக வாங்கிக்கொள்ளும். பிறகு கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். செய்யாமலும் முடியும், ஆனால் மறுதொடக்கத்துக்குப் பிறகும் நிலைக்கிறதா என்பது இப்போதே தெரிந்துவிடும்.

இப்போது பிங். இரண்டு பக்கத்திலிருந்தும் அனுப்பிப் பாருங்கள். பிங் நிரலை 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்பவர் எழுதினார். நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்கும் சோனார் ஒலியிலிருந்து பெயர் வைத்தார். ஒலி அனுப்பி எதிரொலி வருகிறதா என்று பார்க்கும் கருவி அது. எதிரொலி வராதபோது அது சொல்லும் சொற்களையும் கவனியுங்கள், பாதிக் காரணம் அதிலேயே இருக்கும். நெட்வொர்க்கை எட்ட முடியவில்லை என்று சொன்னால், உங்கள் கணினிக்கே அந்தப் பக்கம் வழி தெரியவில்லை, முகவரியோ நெட்மாஸ்க்கோ தவறு. டெபியனில் உங்கள் சொந்த முகவரியிலிருந்தே ஹோஸ்டை எட்ட முடியவில்லை என்று வந்தால், "10.77.0.2 யார்?" என்று கேபிளில் கூவியதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. மறுமுனையில் முகவரி இல்லை அல்லது கேபிளே வேறு துளையில் இருக்கிறது. அப்படிக் கூவிக் கேட்பதற்குப் பெயர் ஏஆர்பி. பதில் கிடைத்ததா என்று டெபியனில் ஐபி நெய் கட்டளையும் ஃப்ரீபிஎஸ்டியில் ஏஆர்பி -ஏ கட்டளையும் காட்டும். ஏஆர்பிக்குப் பதில் வந்தும் பிங் மௌனமாக நின்றால் பெரும்பாலும் ஃபயர்வால். நீங்களாக எதையும் இயக்காதவரை இந்த இரண்டு அமைப்பிலும் ஃபயர்வால் விதிகள் இருக்காது, ஆகவே முன்பு ஏதாவது போட்டுவைத்தீர்களா என்று நினைத்துப் பாருங்கள்.

பிங் நிற்காமல் போகிறதென்றால், ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, பெயர் வையுங்கள். எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஈடிசி அடைவில் ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பில், இரண்டு கணினியிலும், 10.77.0.1க்கு நேரே ஒரு பெயர், 10.77.0.2க்கு நேரே ஒரு பெயர். என் வீட்டில் குறிஞ்சி, முல்லை. இந்த எளிய கோப்புக்குப் பெரிய வரலாறு உண்டு. டிஎன்எஸ் வருவதற்கு முன், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் முழுவதும் ஒரே ஒரு ஹோஸ்ட்ஸ் கோப்பில்தான் இருந்தது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்தில் அதைத் திருத்திவைப்பார்கள், மற்ற இடங்கள் பிரதி எடுத்துக்கொள்ளும். கணினிகள் பெருகி அது தாங்காமல் போனதால்தான் 1983ல் டிஎன்எஸ் பிறந்தது. இரண்டு கணினிக்கு அந்தப் பழைய வழியே இன்றைக்கும் போதுமானது.

கோப்பு நகர்த்த எஸ்எஸ்எச் (இன்னொரு கணினிக்குள் மறைகுறியாக்கத்தோடு நுழையும் வழி), அதன் மேல் ஆர்சிங்க் (மாறியவற்றை மட்டும் பிரதி எடுக்கும் நிரல்). எஸ்எஸ்எச் சேவையகம் மேசைக் கணினியில் மட்டும் இருக்கட்டும். ஆர்சிங்க் அதே தொடர்பில் அனுப்பவும் செய்யும், வாங்கவும் செய்யும், ஆகவே இரண்டு பக்கமும் கதவு திறக்கத் தேவையில்லை. மடிக்கணினி வெளியே கல்லூரிக்கும் கடைக்கும் போய் அறியாத வைஃபைகளில் இணையும். அதில் எஸ்எஸ்எச் சேவையகம் ஓடாமல் இருப்பதே நல்லது.

டெபியனில் ஓப்பன்எஸ்எஸ்எச்-சர்வர், ஆர்சிங்க் இரண்டையும் ஏபிடி கட்டளையில் நிறுவுங்கள். ஃப்ரீபிஎஸ்டியில் எஸ்எஸ்எச் கூடவே வருகிறது. ஆர்சிங்க் வராது, பிகேஜி கட்டளையில் நிறுவ வேண்டும். பிறகு மடிக்கணினியில் எஸ்எஸ்எச்-கீஜென் கொண்டு, கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் ஒரு சாவிஜோடி உருவாக்கி, எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி கொண்டு பொதுச் சாவியை மேசைக் கணினியில் சேர்த்துவிடுங்கள். கடவுச்சொல் இல்லாமல் உள்ளே போக முடிகிறது என்று உறுதியானதும், மேசைக் கணினியில் கடவுச்சொல் நுழைவை மூடிவிடலாம். சாவி இருந்தும் கடவுச்சொல் கேட்டால், வீட்டு அடைவு, அதற்குள் இருக்கும் .எஸ்எஸ்எச் அடைவு ஆகியவற்றின் அனுமதிகளைப் பாருங்கள். மற்றவர்கள் எழுதக்கூடிய நிலையில் இருந்தால் எஸ்எஸ்எச் அந்தச் சாவியை நம்ப மறுக்கும். .எஸ்எஸ்எச் அடைவுக்கு 700, உள்ளே சாவிகள் உள்ள கோப்புக்கு 600 என்ற அனுமதி எண்; இரண்டுமே உரிமையாளருக்கு மட்டும் என்று பொருள்.

இரண்டே கணினி உள்ள கேபிளில் எதற்கு மறைகுறியாக்கம் என்று தோன்றலாம். அந்தச் சேவையகம் கேபிளில் மட்டும் அல்ல, வைஃபை பக்கமும் காது கொடுத்துக்கொண்டிருக்கும். எஸ்எஸ்எச் பிறந்ததே இப்படிப்பட்ட அனுபவத்தில்தான். 1995ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடிய பிறகு, அங்கிருந்த டாட்டு யுலோனென் அதை எழுதினார். அதுவரை பயன்பட்ட டெல்நெட், ஆர்லாகின் என்ற தொலைநுழைவு நிரல்களில் கடவுச்சொல் அப்படியே திறந்த எழுத்தில் போய்க்கொண்டிருந்தது.

சேவையகத்தைக் கேபிள் முகவரியில் மட்டும் கேட்கும்படி கட்டிவிடலாமே என்றும் சிலர் சொல்வார்கள். நான் செய்ய மாட்டேன். கேபிள் செருகாமல் கணினியை இயக்கினால் அந்த முகவரியே இருக்காது. சேவையகம் அதைப் பிடிக்க முடியாமல் தொடங்காமலே போய்விடும்.

ஆர்சிங்க் கட்டளையில் -ஏ போடுங்கள், கோப்பின் நேரமும் அனுமதியும் அப்படியே வரும். பெரிய எழுத்தில் -பி போட்டால் எவ்வளவு போனது என்று தெரியும். நடுவில் அறுந்தால் பாதியில் நின்ற கோப்பு வீணாகாது. சுருக்கி அனுப்பும் -இசட் வேண்டாம். புகைப்படங்கள் ஏற்கெனவே சுருங்கியவை, கிகாபிட் கேபிளில் அது பிராசசருக்கு வீண் உழைப்பு. மூல அடைவின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டால் உள்ளே இருப்பவை மட்டும் போகும். போடாவிட்டால் அடைவே போய் உட்காரும். இதைக் கவனிக்காமல் படங்கள் அடைவுக்குள் இன்னொரு படங்கள் அடைவு, இரண்டு பிரதி என்று முடிந்த வீடுகள் பல. அதனால் முதலில் -என் போட்டு ஒத்திகை பாருங்கள். எதையும் தொடாமல், என்ன செய்யப்போகிறது என்று மட்டும் சொல்லும். டிலீட் என்ற தேர்வை இந்த வேலையில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். மடிக்கணினியில் தவறி அழித்த படத்தை அது மேசைக் கணினியிலும் தேடி அழித்துவிடும். குடும்பப் படங்களுக்கு இரண்டாவது பிரதி என்பதே அப்படி ஒரு தவறுக்கு எதிரான காப்புதானே.

வாராவாரம் அதே கட்டளையை மறுபடி ஓட்டினால் போதும். அளவும் நேரமும் மாறாத கோப்புகளைத் தாண்டிப் போய்விடும், புதியவை மட்டும் நகரும்.

தமிழில் பெயர் வைத்த கோப்புகள் இருந்தால் பயப்பட வேண்டாம். இரண்டு அமைப்பும் பெயரை வெறும் பைட்டுகளாகவே வைத்துக்கொள்வதால் அவை சிதையாமல் வந்து சேரும். கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் டெர்மினலின் லோகேல் (மொழி, எழுத்து அமைப்பு) யுடிஎஃப்-8 இல்லை என்று பொருள். கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய மேக் கணினியிலிருந்து வந்த படங்கள் கலந்திருந்தால் மட்டும் ஒன்று கவனியுங்கள். அந்தக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பமைப்பு "கொ" என்பதில் உள்ள ஒற்றைக் குறியை ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். கண்ணுக்கு ஒரே பெயராகத் தெரியும் இரண்டு கோப்புகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் காரணம் அதுதான்.

பிரதி எடுக்காமல், மேசைக் கணினியில் உள்ள படங்களை மடிக்கணினியிலிருந்தே திறக்க வேண்டும் என்றால், எஸ்எஸ்எச் வழியாகவே மறுபக்க அடைவைத் திறந்து காட்டும் எஸ்எஸ்எச்எஃப்எஸ் போதும். எஸ்எஸ்எச் ஏற்கெனவே ஓடுவதால் புதிதாக எந்தச் சேவையும் வேண்டாம். வீடியோ வெட்டுவது போன்ற கனமான வேலைக்கு மட்டும் என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறையின் பக்கம் போங்கள். சன் நிறுவனம் 1984ல் கொண்டுவந்த அது இன்றும் யூனிக்ஸ்களின் பொதுமொழிதான், ஆனால் வழக்கமான அமைப்பில் பயனரைப் பெயரால் அல்ல, எண்ணால் அடையாளம் காண்கிறது. டெபியன் முதல் பயனருக்கு 1000 என்ற எண்ணைக் கொடுக்கும், ஃப்ரீபிஎஸ்டி 1001 கொடுக்கும். பெயர் ஒன்றாக இருந்தும் "அனுமதி இல்லை" என்று வருவதன் காரணம் இதுவே. என்எஃப்எஸ் போடுவதென்றால் ஒரு பக்கத்து எண்ணை மாற்றி ஒன்றாக்கிவிட்டுத் தொடங்குங்கள். பகிரும் அடைவை 10.77.0.2க்கு மட்டும் திறங்கள். மடிக்கணினியில் அது தானாக மவுன்ட் ஆகாதபடி, அதாவது தானாக இணைந்துகொள்ளாதபடி வையுங்கள். எழுந்து போகும்முன் அன்மவுன்ட் செய்துவிட்டுத்தான் கேபிளை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த அடைவைத் தொடும் ஒவ்வொரு நிரலும் கேபிள் திரும்ப வரும்வரை அசையாமல் காத்துக்கொண்டிருக்கும்.